ஆறு வயதுக் கடைவாய்ப்பல்: பற்காப்புப்பூச்சின் வரலாறும் இலங்கைப் பாடசாலைகளும்

கொழும்பு மாநகரில் மருத்துவ நிறுவனங்களால் பெயர்பெற்ற பகுதி பொரளை. சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகமும் அங்கேயே உள்ளன. பொரளைச் சந்தியிலிருந்து நகர மண்டபத் திசையிற் செல்லும் வார்ட் பிளேசில் தேசிய பல் வைத்தியசாலை அமைந்திருக்கின்றது. நாட்டின் நாலா பக்கங்களிலிருந்தும் மக்கள் இவ்விடங்களை நாடி வருகின்றனர். அவ்வாறு வருவோரிற் பெரும்பாலோர் நோய் கண்ட பின்னரே வருகின்றனர். வைத்தியசாலை என்னும் அமைப்பின் இயல்பு அது. ஆயினும் பல்லைப் பொறுத்தவரையில் இவ்வியல்பு பெருங்குறையாகி விடுகின்றது. முறிந்த எலும்பு பொருந்தும். கிழிந்த தோல் கூடும். பல்லின் மேலுறையாகிய மிளிரி குழிந்து போனாலோ மீண்டும் வளர்வதில்லை. அடைத்த பல்லும் பழைய பல் ஆகாது. ஆகவே, பிள்ளை வைத்தியத்தைத் தேடிச் செல்வதா, வைத்தியம் பிள்ளையைத் தேடிச் செல்வதா என்ற வினா பற்சூத்தையின் வரலாற்றில் முதன்மையான வினாவாக அமைகின்றது.

இவ்வினாவின் கூர்மையை உணர்த்தும் பல் ஒன்று உண்டு. ஏறத்தாழ ஆறு வயதில், பாற்பற்களின் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே நான்கு புதிய கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. விழுந்த பல்லுக்கு மாற்றாக வராமையால் பெற்றோர் பலர் இவற்றையும் பாற்பற்கள் என்றே எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அவை வாழ்நாள் முழுவதற்குமான நிலைப்பற்கள். மெல்லும் வேலையிற் பெரும்பங்கைச் சுமப்பவை. முளைத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே முதலிற் சூத்தையாவனவும் இவையே. இப்பற்களைக் காக்கும் எளிய வழியொன்று அரை நூற்றாண்டுக்கு முன்னரே கண்டறியப்பட்டுவிட்டது. அது பிளவுக் காப்புப்பூச்சு எனப்படும். அது உருவான வரலாற்றையும், இலங்கையிற் பிள்ளைகளின் பற்களைத் தேடிச் சென்ற சேவையின் வரலாற்றையும் இணைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. பல்லைக் காப்பது பூச்சன்று. உரிய வயதில் உரிய பிள்ளையிடம் அதனைக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடே.

பிளவின் இயல்பு

கடைவாய்ப்பல்லின் மேற்பரப்பு சமதளமன்று. தாடைக்குள்ளே பல் உருவாகும்போது தனித்தனி மேடுகளாகத் தோன்றும் பகுதிகள் வளர்ந்து ஒன்றோடொன்று பொருந்துகின்றன. பொருத்தம் முற்றுப்பெறாத இடங்களிற் குறுகிய பிளவுகள் எஞ்சுகின்றன. இவற்றுட் பல, பற்றூரிகையின் ஒரு மயிரினும் ஒடுங்கியவை. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தரும் என்பது தமிழ் மக்களின் முதுமொழி. பல்லின் பக்கங்களைத் துலக்குவதிற் குச்சியும் தூரிகையும் சிறந்த கருவிகளே. ஆயினும் பிளவின் அடிக்கு இரண்டுமே செல்வதில்லை. ஒழுங்காகப் பல் துலக்கும் பிள்ளைக்கும் கடைவாயிற் சூத்தை தோன்றுவதன் காரணம் இதுவே.

சூத்தை உண்டாகும் முறையை விஞ்ஞான அடிப்படையில் விளக்கியவர் அமெரிக்கரான வில்லபி மில்லர். பேர்லினிற் பணியாற்றிய அவர் 1890 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வாயிலுள்ள நுண்ணுயிர்கள் உணவிலுள்ள மாப்பொருளையும் சர்க்கரையையும் அமிலமாக மாற்றுகின்றன என்றும், அவ்வமிலமே பல்லைக் கரைக்கின்றது என்றும் காட்டினார். பல்லைப் புழு அரிக்கின்றது என்னும் பண்டைய நம்பிக்கைக்கு இவ்விளக்கம் முடிவு கட்டியது எனலாம். நுண்ணுயிரும் சர்க்கரையும் தங்குவதற்குப் பிளவைவிட வாய்ப்பான இடம் வாயில் வேறில்லை. எனவே பிளவை யாது செய்வது என்ற சிந்தனை அக்காலத்திலேயே தொடங்கிவிட்டது.

வெட்டிக் காத்த காலம்

முதலிற் கையாளப்பட்டது வெள்ளி நைத்திரேற்று என்னும் உப்பு. நுண்ணுயிரைக் கொல்லும் என்ற நம்பிக்கையில் அது பிளவுகளிற் பூசப்பட்டது. பல்லைக் கருக்கச் செய்த அதன் பயன் ஐயத்துக்கிடமாகவே இருந்தது. அடுத்து வந்த சிந்தனை கடுமையானது. நவீன பல்வைத்தியத்தின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படும் ஜி. வி. பிளாக், சூத்தையான இடத்தை அடைக்கும்போது அதனோடு தொடர்ந்த நல்ல பிளவுகளையும் வெட்டிச் சேர்த்து அடைத்தல் வேண்டும் என விதித்தார். 1923 ஆம் ஆண்டில் தடியஸ் ஹயற் என்பார் இன்னும் ஒரு படி மேலே சென்றார். சூத்தை தோன்றுமுன்னரே பிளவைச் சிறிதாக வெட்டி இரசக் கலவையால் அடைத்து விடலாம் என்பது அவர் கொள்கை. 1929 இல் பொடெக்கர் என்பார் பிளவைத் தேய்த்து அகலமாக்கித் தூரிகை செல்லும் வண்ணம் செய்யலாம் என முன்மொழிந்தார்.

நோய் வருமுன் காத்தல் என்பதே இவர்கள் அனைவரதும் நோக்கம். ஆனால் நோயற்ற பல்லை வெட்டியே நோயைத் தடுக்க அவர்கள் முயன்றனர். மிளிரியோடு ஒட்டி நிற்கக்கூடிய பொருள் எதுவும் அன்று இல்லாமையே இதற்குக் காரணம். ஈரமும் வெப்பமும் மெல்லும் விசையும் ஓயாது தாக்கும் வாயினுள்ளே, கண்ணாடி போன்ற வழுவழுப்பான மிளிரியின்மீது எதனைப் பூசினாலும் அது உரிந்து போயிற்று.

இதற்கிடையிற் புளோரைட்டின் காலம் பிறந்தது. 1945 ஜனவரி 25 ஆம் நாள் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரிற் குடிநீரோடு புளோரைட்டுச் சேர்க்கும் திட்டம் உலகில் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது. அதன் விளைவாகப் பிள்ளைகளின் பற்சூத்தை பெரிதுங் குறைந்தது. எனினும் அக்குறைவு பல்லின் வழுவழுப்பான பக்கங்களிற் காணப்பட்ட அளவுக்குப் பிளவுகளிற் காணப்படவில்லை. ஆகவே, மொத்தச் சூத்தை குறையக் குறைய, எஞ்சியதிற் பிளவுச் சூத்தையின் பங்கு மேலோங்கிற்று.

அமிலமும் பிசினும்

1955 ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத்தின் றொச்செஸ்ரர் நகரில் ஈஸ்ற்மன் பற்சிகிச்சை நிலையத்திற் பணியாற்றிய மைக்கேல் புவோனோகோர் ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டார். உலோகத்துக்கு நிறந்தீட்டுமுன் அதன் பரப்பைப் பொசுபோரிக்கமிலத்தாற் பதப்படுத்தும் வழக்கம் கைத்தொழில் துறையில் இருந்தது. அதனையே அவர் பல்லிற் சோதித்தார். 85 சதவீதப் பொசுபோரிக்கமிலத்தை 30 செக்கன்கள் மிளிரியின்மீது வைத்துக் கழுவியபோது அக்கிரிலிக்குப் பொருள் அதனோடு உறுதியாக ஒட்டி நின்றது. அமிலம் மிளிரியைச் சீராகக் கரைக்காமல், கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகளை உண்டாக்குகின்றது. பாயும் நிலையிலுள்ள பிசின் அத்துளைகளுட் புகுந்து இறுகுமிடத்து ஆயிரக்கணக்கான நுண்வேர்கள் ஊன்றியது போலாகின்றது. பல்லைக் கரைக்கும் அமிலமே அளவறிந்து பயன்படுத்தப்பட்டபோது பல்லைக் காக்கும் பூச்சுக்குப் பிடிகொடுத்தது.

1967 ஆம் ஆண்டிற் குவேற்றோ என்பவரோடு இணைந்து புவோனோகோர் இம்முறையாற் பிளவுகளை மூடிப் பெற்ற பயனை வெளியிட்டார். அப்போது பயன்பட்ட பொருள் வாயில் நெடுநாள் நிலைக்கவில்லை. அமெரிக்க நியமப் பணியகத்தைச் சேர்ந்த ரபாயல் போவன் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய வேறொரு பிசின் அக்குறையைத் தீர்த்தது. 1970களின் தொடக்கத்தில் ஊதாக்கடந்த ஒளியால் இறுகும் பூச்சு விற்பனைக்கு வந்தது. பின்னர் கட்புல ஒளியால் இறுகுபவை அதன் இடத்தைப் பெற்றன. பல்லை வெட்டாமல், ஊசி ஏற்றாமல், வலியின்றிச் சில நிமிடங்களில் ஒரு பல்லைக் காக்கும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

ஆயினும் முறை பரவவில்லை. 1983 டிசம்பரில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்கள் கூட்டிய அறிஞர் மாநாடு, பூச்சு மிகுந்த பயனுடையதென்றும் போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை என்றும் முடிவு கூறியது. தெரியாமற் சூத்தையை உள்ளே வைத்து மூடிவிடுவோமோ என்ற அச்சம் பல்வைத்தியரிடையே நிலவியது. 1998 இல் வெளியான பத்தாண்டு ஆய்வொன்று, உணவும் சர்க்கரையும் உட்புகாதவாறு மூடி நிலைத்து நிற்கும் பூச்சின் கீழ்ச் சூத்தை தேங்கிவிடுகின்றது எனக் காட்டியது. அச்சம் நீங்கிய பின்னரும் மற்றொரு தடை எஞ்சியது. பூச்சு அதிகம் வேண்டிய பிள்ளைகளே பல்வைத்தியரை அணுக வாய்ப்பற்ற பிள்ளைகளாக இருந்தனர். 2016 ஆம் ஆண்டில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் வெளியிட்ட அறிக்கையின்படி, 6 முதல் 11 வரையான வயதுப் பிள்ளைகளில் அரைப்பங்குக்கும் குறைவானோரே பூச்சுப் பெற்றிருந்தனர். வருவாய் குறைந்த குடும்பப் பிள்ளைகள் அவ்வாய்ப்பில் மேலும் பின்தங்கியிருந்தனர். பூச்சைக் கண்டுபிடித்த செல்வ நாட்டின் நிலையே இதுவாகும்.

மஹரகமவில் ஒரு தொடக்கம்

இலங்கையில் இவ்வினா வேறொரு வழியில் எழுந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பல்வைத்தியக் கல்வி 1943 ஆம் ஆண்டிற் கொழும்பில் ஆரம்பமாயிற்று. 1954 இற் பேராதனைக்கு மாற்றப்பட்டது. ஆண்டுதோறும் வெளியேறிய பட்டதாரிகள் மிகச் சிலரே. அவர்களைக் கொண்டு நாடெங்கும் பரந்துள்ள பாடசாலைப் பிள்ளைகளின் வாயைப் பார்ப்பதென்பது கனவிலும் இயலாத காரியமாக இருந்தது.

இதற்கொரு முன்மாதிரி நியூசிலாந்தில் இருந்தது. முதலாம் உலகப் போருக்குத் திரட்டப்பட்ட இளைஞரின் சீரழிந்த பற்கள் அந்நாட்டவரைத் திடுக்கிடச் செய்தன. இராணுவப் பற்சேவைக்குத் தலைமை தாங்கிய தொமஸ் ஹன்ரர், பட்டதாரிகள் அல்லாத பெண்களைத் தெரிந்து, இரண்டாண்டுப் பயிற்சியளித்து, பாடசாலைகளிலேயே பணிக்கமர்த்தும் திட்டத்தை 1921 இல் வெலிங்டனில் தொடங்கினார். பாடசாலைப் பற்தாதியர் என்னும் புதியதொரு தொழில் இவ்வாறு தோன்றியது. பல்வைத்தியர் சிலர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். ஆயினும் பிள்ளைகள் பயனடைந்தனர், சேவை நிலைத்தது.

1950 ஜனவரியிற் பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டமைச்சர்கள் கொழும்பிற் கூடியதன் விளைவாகக் கொழும்புத் திட்டம் உருவாயிற்று. அத்திட்டத்தின் கீழ் நியூசிலாந்து வழங்கிய உதவியைக் கொண்டு, கொழும்புக்குத் தென்கிழக்கே ஹைலெவல் வீதியிலுள்ள மஹரகமவில் 1950களிற் பாடசாலைப் பற்தாதியர்க்கான பயிற்சி நிலையம் அமைந்தது. இன்று பாடசாலைப் பற்சிகிச்சையாளர் என அழைக்கப்படும் இவர்களின் பொறுப்பு 3 முதல் 13 வரையான வயதுப் பிள்ளைகளைச் சார்ந்தது. இவ்வயதெல்லை ஈண்டு நோக்கற்பாலது. முதலாம் நிலைக் கடைவாய்ப்பல் முளைக்கும் ஆறாம் வயதும், இரண்டாம் கடைவாய்ப்பல் முளைக்கும் பன்னிரண்டாம் வயதும் இதனுள் அடங்குகின்றன. பூச்சு என்பதொன்று உலகில் தோன்றுமுன்னரே, பூச்சிடுதற்குரிய காலம் முழுவதையும் தழுவிய சேவையொன்றை இந்நாடு பெற்றிருந்தது.

ஆயினும் தொடக்ககாலத்தில் அச்சேவை பெரும்பாலும் அடைத்தலும் பிடுங்குதலுமாகவே கழிந்தது. ஒரு பாடசாலையில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளில் வலியோடு நிற்பவரை முதலிற் கவனிப்பதே மனித இயல்பு. வலியற்ற பிள்ளையின் நல்ல பல்லைக் காப்பதற்கு நேரம் ஒதுக்குவது, நோய் மிகுந்த காலத்தில் எளிதன்று. மேலும், மேலைநாட்டுப் பிசின்பூச்சுக்கு வறண்ட பல் வேண்டும். உமிழ்நீர் ஒரு துளி பட்டாலும் பிடிப்புக் கெடும். உமிழ்நீரை உறிஞ்சும் கருவியும் ஒளிவிளக்கும் மின்சாரமும் துணைக்கு ஒருவரும் இல்லாத கிராமப் பாடசாலையில் இம்முறை நடைமுறைக்கு ஒவ்வாததாகவே தோன்றியது.

தோட்டத்து வாய்கள்

இச்சேவை எட்டாத இடங்களும் இருந்தன. அவற்றுள் மலையகத் தேயிலைத் தோட்டங்கள் தனியே குறிப்பிடத்தக்கன. அக்காலத்திலே தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகங்களின் கீழ் இருந்தனவேயன்றி அரசின் பாடசாலை அமைப்பினுள் இருக்கவில்லை. தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்ட பின்னர், 1977 ஆம் ஆண்டு முதலே அவை படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. பாடசாலை வழியே செல்லும் சேவை, பாடசாலை அமைப்புக்கு வெளியே நின்ற பிள்ளைகளை எவ்வாறு சென்றடையும்?

ஆனால் உலகப் பல்வைத்திய ஆராய்ச்சி அத்தோட்டங்களை அடைந்தது. நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோ என்னும் பேராசிரியரும் அவர்தம் சகாக்களும் 1970 ஆம் ஆண்டில் மலையகத்திலே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரின் வாய்களைப் பரிசோதிக்கத் தொடங்கினர். தமிழ்த் தொழிலாளராகிய அவர்கள் அனைவரும் ஆண்கள். பதினான்கு வயது முதல் ஏறத்தாழ முப்பது வயது வரையான இளைஞர். அவர்கள் பற்சிகிச்சை பெற்றதில்லை. வழக்கமான வாய்த்துப்புரவு முறைகளைக் கைக்கொண்டதுமில்லை. ஒழுங்கான பற்சிகிச்சை பெற்றுவந்த ஒஸ்லோ நகரத்து மாணவரும் கல்விமான்களும் ஒப்பீட்டுக்கெனத் தெரியப்பட்டனர். முரசுநோய் சிகிச்சையின்றி எவ்வாறு வளர்ந்து செல்கின்றது என்பதை அறிவதே ஆய்வின் நோக்கம். பதினைந்து ஆண்டுகள் இடையிட்டு இடையிட்டுப் பரிசோதனைகள் நடந்தன. 1986 இல் வெளியான முடிவுகளின்படி, ஏறத்தாழ 8 சதவீதத்தினரில் நோய் விரைந்து வளர்ந்தது. 81 சதவீதத்தினரில் மிதமாக வளர்ந்தது. 11 சதவீதத்தினரில் முரசு வீக்கத்துக்கு அப்பாற் செல்லவில்லை. உலகின் பல்வைத்திய பாடநூல்களில் இவ்வெண்கள் இன்றும் இடம்பெறுகின்றன.

அவ்வாய்வு தந்த மற்றொரு செய்தி இக்கட்டுரைப் பொருளோடு நேரடித் தொடர்புடையது. அத்தொழிலாளரின் பற்களில் நுண்ணுயிர்ப் படலமும் காரையும் செறிந்திருந்தும், சூத்தை ஏறக்குறைய இல்லையென்றே சொல்லுமளவுக்கு அரிதாக இருந்தது. இழந்த பற்களை அவர்கள் முரசுநோயாலேயே இழந்தனர். பிளவுகள் அவர்தம் பற்களிலும் இருந்தன. ஆகவே பிளவும் படலமும் மாத்திரம் சூத்தையை விளைவியா என்பது தெளிவாகின்றது. 1945 தொடக்கம் 1953 வரை சுவீடனின் விபெஹோம் மனநல மருத்துவமனையில் நடைபெற்ற ஆய்வு, உணவு வேளைகளுக்கிடையே அடிக்கடி உண்ணும் ஒட்டுந்தன்மையுள்ள இனிப்பே சூத்தையைப் பெருக்குகின்றது எனக் காட்டியிருந்தது. மறுக்கும் ஆற்றலற்ற நோயாளருக்கு இனிப்பை ஊட்டிப் பெற்ற அறிவு அது என்பதனால் அவ்வாய்வு பிற்காலத்திற் பெருங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று.

மலையக ஆய்வாளர் நோயை உண்டாக்கியவரல்லர். ஏற்கெனவே இருந்த சிகிச்சையின்மையையே அவர்கள் பதிவு செய்தனர். எனினும், பல்லைத் துப்புரவு செய்வதால் முரசுநோயைத் தடுக்கலாம் என்பது 1965 ஆம் ஆண்டில் லோ அவர்களே டென்மார்க்கில் நடத்திய பரிசோதனையால் நிறுவப்பட்டிருந்தது. தடுக்கும் வழி தெரிந்திருந்த நோய் தன் போக்கில் வளர்வதைப் பதினைந்து ஆண்டுகள் அளந்தறிவதற்கு ஏற்ற இடமாக ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வு இருந்தது என்பதே வரலாற்று மாணவன் மனங்கொள்ள வேண்டியது. அக்காலமே 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி மலையகத் தமிழர் பல்லாயிரவர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட காலமுமாகும். அளக்கும் கருவி அத்தோட்டங்களை அடைந்த அளவுக்குக் காக்கும் கை அடையவில்லை. அறிவு பிறக்கும் இடமும் அதன் பயன் சேரும் இடமும் ஒன்றாதல் வேண்டும் என்ற நியதி எதுவும் இல்லை. அதனை மனிதரே ஏற்படுத்த வேண்டியுள்ளது.

மின்சாரம் வேண்டாத முறை

பாடசாலைக்கேற்ற பூச்சு வேறொரு திசையிலிருந்து வந்தது. 1972 ஆம் ஆண்டிற் பிரித்தானிய விஞ்ஞானிகளான அலன் வில்சனும் பிரையன் கென்றும் கண்ணாடி அயனோமர் எனப்படும் புதிய சீமெந்தொன்றை அறிமுகப்படுத்தினர். கண்ணாடித் தூளையும் அமிலக் கரைசலையும் கலந்து செய்யப்படும் இச்சீமெந்து பல்லோடு இரசாயன முறையில் தானே ஒட்டுகின்றது. ஓரளவு ஈரத்தையும் பொறுத்துக்கொள்கின்றது. புளோரைட்டைச் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றது. 1980களின் நடுப்பகுதியிற் தன்சானியாவில் ஜோ ஃபிரென்கன் என்பார் மின்சாரமும் துளைபொறியும் இன்றி, கைக்கருவிகளால் மென்மையான சூத்தையை அகற்றி இத்தகைய சீமெந்தால் அடைக்கும் முறையைத் தொடங்கினார். அதே வேளையில் அடுத்துள்ள நல்ல பிளவுகளையும் சீமெந்தை விரலால் அழுத்தி மூடிவிடலாம். வாய்ச் சுகாதாரத்தைக் கருப்பொருளாகக் கொண்ட 1994 ஆம் ஆண்டு உலக சுகாதார தினத்தில் உலக சுகாதார நிறுவனம் இம்முறையை ஊக்குவித்தது. 2021 இல் இச்சீமெந்து அந்நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இடம்பெற்றது.

பிசின்பூச்சைப் போல் இச்சீமெந்து நெடுநாள் நிலைப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும், கண்ணுக்குத் தெரியும் பகுதி தேய்ந்த பின்னரும் பிளவின் அடியில் எஞ்சும் சிறுபகுதி பயன் தருகின்றது என ஆய்வாளர் கருதுகின்றனர். உமிழ்நீர் வடியும் ஆறு வயதுப் பிள்ளைக்கு, பாதி முளைத்த பல்லுக்கு, விளக்கும் உறிஞ்சியும் அற்ற அறைக்கு இதுவே பொருந்துவது.

1969 இல் யப்பானில் உருவான வெள்ளி–புளோரைட்டுக் கரைசலொன்றும் 2021 ஆம் ஆண்டுப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. நியூயோர்க் நகரப் பாடசாலைகளில் நடத்தப்பட்டு 2023 இல் வெளியான ஆய்வு, அக்கரைசல் காப்புப்பூச்சுக்குக் குறையாத பயன் தந்ததாகக் கூறியது. தூரிகையாற் சில விநாடிகளிற் பூசப்படும் இது, முற்காலத்திற் பிளவுகளிற் பூசப்பட்ட வெள்ளி உப்பின் திருந்திய வடிவமே. கருமை என்னும் பழைய குறை இதனிடத்தும் உண்டு.

இன்று இலங்கையிற் பிளவுகளுக்குப் பூச்சிடுதல் பாடசாலைப் பற்சிகிச்சையாளரின் தடுப்புப் பணிகளுள் ஒன்றாக விளங்குகின்றது. எனினும் இச்சீமெந்து இறக்குமதிப் பொருள். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளும் மருத்துவப் பொருள்களும் நாடெங்கும் தட்டுப்பாடானபோது, இறக்குமதியை நம்பிய எச்சேவையும் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகின்றது என்பது யாவர்க்கும் விளங்கிற்று.

சராசரியும் பிள்ளையும்

தேசிய வாய்ச்சுகாதார ஆய்வுகளின்படி, இலங்கையிற் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருவருக்குச் சூத்தையான, இழந்த, அடைத்த நிலைப்பற்களின் சராசரித் தொகை 1994–95 இல் 1.4 ஆக இருந்தது. 2002–03 இல் அது 0.9 ஆகவும், 2015–16 இல் 0.6 ஆகவும் குறைந்தது. புளோரைட்டுப் பற்பசையின் பரவலும் பாடசாலைச் சேவையும் இவ்வீழ்ச்சியிற் பங்குபெற்றன எனக் கொள்ளலாம். அதே வேளையில் ஐந்து வயதுப் பிள்ளைகளின் பாற்பற்களில் நிலைமை அவ்வளவு திருந்தவில்லை. பின்னைய இரு ஆய்வுகளிலும் அவ்வயதினரில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் சூத்தை உடையோராகவே காணப்பட்டனர். ஆறாம் வயதிற் புதிய கடைவாய்ப்பல் முளைப்பது இத்தகைய வாயிலேதான்.

நோய் இவ்வளவு குறைந்துவிட்ட பின்னர்ப் பூச்சு எதற்கு என வினவுவோர் உளர். எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாப் பற்களிலும் பூச்சிடுதல் வீண்செலவு என்பதும், இனிப்பைக் குறைத்துப் பற்பசையைப் பரப்புதலே மேல் என்பதும் அவர்தம் வாதம். இதில் உண்மை உண்டு. 2017 இல் வெளியான கொக்ரேன் தொகுப்பாய்வின்படி, பிசின்பூச்சு இரண்டாண்டுகளில் நிலைக் கடைவாய்ப்பற்களின் சூத்தையை 11 முதல் 51 சதவீதம் வரை குறைக்கின்றது. இவ்விடைவெளியின் அகலமே, பூச்சின் பயன் யாருக்கு இடப்படுகின்றது என்பதைப் பொறுத்தது என்பதை உணர்த்துகின்றது. ஆனால் சராசரி என்பது ஏமாற்றக்கூடிய அளவுகோல். 0.6 பல் சூத்தையான பிள்ளை எங்கும் இல்லை. சூத்தையற்ற பிள்ளைகள் பலரும், மூன்று நான்கு பற்கள் கெட்ட பிள்ளைகள் சிலரும் சேர்ந்தே அவ்வெண் உருவாகின்றது. சராசரி குறையக் குறைய, எஞ்சிய நோய் அச்சிலரிடமே திரள்கின்றது. அவர்கள் கொழும்பின் தோட்டக் குடியிருப்புகளிலோ, மலையக லயங்களிலோ, நெடும்போரின் பின் எழுந்துவரும் வன்னிக் கிராமத்திலோ இருக்கலாம். அவர்கள் பொரளைக்கு வரும்போது பெரும்பாலும் பல் பிடுங்கப்படுவதற்கே வருவர்.

ஆகவே காப்புப்பூச்சின் வரலாற்றை ஒரு பிசினின் வரலாறாக மாத்திரம் எழுதுதல் பொருந்தாது. மில்லர் காரணத்தை அறிந்தார். புவோனோகோர் ஒட்டும் வழியைக் கண்டார். வில்சனும் கென்றும் ஏழை நாட்டுக்கேற்ற பொருளைத் தந்தனர். ஆயினும் அவ்வறிவு பயனாவது, தரம் ஒன்றிலோ இரண்டிலோ கற்கும் பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லி, பாற்பற்களுக்குப் பின்னாற் புதிதாக எட்டிப்பார்க்கும் பல்லை இனங்காணும் ஒருவர் அப்பாடசாலைக்கு வரும்போதே. வெலிங்டனிலிருந்து மஹரகமவுக்கு வந்த எண்ணம் அத்தகைய ஒருவரை உருவாக்குவதே. அவருக்கு நாற்காலி ஒன்று, நல்ல வெளிச்சம், சிறிது சீமெந்து, ஆண்டுதோறும் ஒவ்வொரு பாடசாலைக்கும் செல்லப் போதிய நேரம் ஆகியவை வேண்டும். பேரியந்திரம் எதுவும் வேண்டியதில்லை.

ஆறு வயதுக் கடைவாய்ப்பல் ஒருவரோடு அறுபது ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடியது. அதனைக் காப்பதற்கு ஏற்ற காலமோ அது முளைக்கும் அந்த ஓரிரு ஆண்டுகளே. அக்காலத்தில் அப்பிள்ளை எந்தப் பாடசாலையில் இருக்கின்றது என்பதே இன்றும் அப்பல்லின் எதிர்காலத்தைப் பெரிதுந் தீர்மானிக்கின்றது.